பயத்துக்கு மதிப்பெண்

முதலில் நின்றுபோனது தம்பியைத் தூக்குவது. எனக்குப் பதின்மூன்று வயது. அவன் தவழ ஆரம்பித்திருந்தான். ஆவடியில் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஒரு மாலை அம்மா காய் நறுக்கும்போது, அந்தக் கத்தியால் நான் அவனைக் குத்திவிடுவேனோ என்று ஓர் எண்ணம் வந்தது. வந்தது போகவில்லை.

கத்தியை அரிசி டின்னுக்குள் ஒளித்தேன். அங்கேயே இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தேன். அவனைக் காப்பாற்றும்படி மாதாவிடம் ஜெபிப்பேன். ஒரு சொல் தடுக்கினால் மறுபடி முதலிலிருந்து. பள்ளிக்குக் கிளம்ப முடியவில்லை. தம்பிமேல் பொறாமை என்றார்கள். நான் மறுக்கவில்லை. உண்மையைவிட அது பரவாயில்லை.

பள்ளியில் பெயரை நீக்கப்போவதாகச் சொன்னதும் அப்பா என்னை ரயிலேற்றி, நகரத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார். அந்த அம்மையார் அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அச்சடித்த தாளைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே வந்தார். அழுக்கு, கிருமி பற்றிய கேள்விகளுக்கு இல்லை என்றேன்.

“வீட்ல இருக்கிறவங்கள நாமளே ஏதாவது பண்ணிடுவோமோன்னு பயம் வருதா?”

“இது உங்க பேப்பர்லயே போட்டிருக்கா, டாக்டர்?”

“போட்டிருக்கும்மா. நிறைய பிள்ளைங்களுக்கு வருது.”

வெகுநேரம் அழுதேன்.

எண்ணச் சுழற்சி நோய் (வேண்டாத எண்ணம் விடாமல் வந்து, அதைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பச் செய்யவைப்பது) என்றார். அது என் நாளில் எவ்வளவு நேரத்தைத் தின்கிறது, எவ்வளவு வதைக்கிறது, நான் எவ்வளவு எதிர்க்கிறேன் என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டார். நாற்பதுக்கு முப்பத்தொன்று.

அப்பா உள்ளே வந்து தாளைப் பார்த்தார். “இன்னா டாக்டர், இது நல்ல மார்க்கா?”

“இதுல மார்க் குறையணும் சார்.”

மாத்திரையோடு பயிற்சியும் தொடங்கியது (பயத்தின் பக்கத்திலேயே இருந்து, சரிபார்க்காமல் பொறுத்துக்கொள்வது). கத்தி மேஜைமேல் கிடக்க வேண்டும். பயம் தணிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொண்டே நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு பீன்ஸ் நறுக்க வேண்டும், தம்பி பக்கத்தில் தவழும்போதே. அதற்குள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவள் தம்பியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

“எனக்கு உன்மேல பயம் இல்லடி. புடி.”

உடம்பெல்லாம் வியர்த்தது. பிடித்துக்கொண்டேன்.

மதிப்பெண் இறங்கியது. ஒரு மாதம் மறுபடி ஏறியது. வாய்விட்டுச் சொல்லாமல் மனதுக்குள் ஜெபத்தைத் திருப்பிக்கொண்டிருந்ததை மருத்துவரின் கேள்விகள் பிடித்துவிட்டன. இதைப் படிக்கிற பெற்றோருக்கு ஒன்று: உங்கள் பிள்ளையிடம் மருத்துவர் இவற்றைக் கேட்கும்போது நீங்கள் பதில் சொல்லாதீர்கள். பிள்ளையே சொல்லட்டும். அடுத்த ஆண்டு நான் பள்ளிக்குத் திரும்பினேன்.

பூஜ்யத்தை நான் தொட்டதேயில்லை. எண்ணம் இன்றும் வரும். தோள்கள் ஒரு கணம் இறுகும். செய்துகொண்டிருந்த வேலையைச் செய்துகொண்டே இருப்பேன். அது தணிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டேன்.