தோட்டத்தில் நின்ற கூடாரம்

இமயமலைத் தேசியப் பூங்காவில் நடந்துபோய்க் காட்டிலேயே தங்க வேண்டுமென்று பல மாதங்களாகத் திட்டமிடுகிறேன்.

மகள் ஒரே நிபந்தனை போட்டாள்: “கூடாரத்தைத் தனியா அடிச்சுக் காட்டுங்கப்பா. அப்புறம்தான் டிக்கெட்.”

இன்று தூறலில், எங்கள் ஹிஞ்சேவாடி குடியிருப்பின் தோட்டத்தில் அடித்தேன். இரண்டு முறை சரிந்தது.

என்னைச் சித்தப்பா முறையில் ‘காகா’ என்றழைக்கும் வாட்ச்மேன் இந்தியில் கேட்டார்: “என்ன காகா, வீட்டைவிட்டுத் துரத்திட்டாங்களா?”

காற்று வீசும் பக்கத்து முளைகளை முதலில் அறைந்து, மறுபடி தூக்கினேன்.

நின்றது!

மழை வலுத்ததும் முதலில் உள்ளே புகுந்தவர் வாட்ச்மேன்தான். “ஒரு சொட்டுகூட ஒழுகல காகா!”

பால்கனியிலிருந்து மகள் கத்தினாள்: “டிக்கெட் போட்டாச்சுப்பா!”

வென்றுவிட்டேன். இனிப் போகாமலிருக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

அங்கே கரடி உண்டாமே. எதிரே வந்தால் என்ன செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ஓடச் சொல்லாதீர்கள்.