சைலன்சரின் முதுகில் இருந்த பொட்டு

1. வாசனை

வெள்ளிக்கிழமை காலை. புகை அளக்கும் புரோப்பை சைலன்சர் குழாய்க்குள் விட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் ரீடிங் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது சந்தன வாசனை வந்தது.

முதலில் பிள்ளையார் படத்துக்கு ஏற்றிய ஊதுவத்தி என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் அது எப்போதோ எரிந்து சாம்பலாகிக் கிடந்தது. வாசனை வண்டிக்கு அடியிலிருந்து வந்துகொண்டிருந்தது. சந்தனம் லேசாகக் கருகினால் வருமே, அந்த வாசனை. ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு அடியிலிருந்து கோயில் வாசனை வந்தால் கும்பிடுவதா, குனிந்து பார்ப்பதா? நான் குனிந்து பார்த்தேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். பாதி வாழ்க்கை மெக்கானிக் வேலை. முழங்கால் விட்டுப்போன பிறகு, தேங்காய்த்திட்டு போகும் ரோட்டில் இந்தப் புகை டெஸ்ட் சென்டரை வைத்து நடத்துகிறேன். வண்டிக்குப் புகை சரியாக இருக்கிறதா என்று பார்த்து சர்டிபிகேட் கொடுப்பது என் வேலை. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளும், பழைய வண்டி வாங்கப் போகிறவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று அன்று நடந்ததை எழுதுகிறேன்.

2. முசே ஓட்டின வண்டி

வண்டியைக் கொண்டுவந்தவர் புரோக்கர் சேகர். எங்கள் ஊரில் பழைய கார் கைமாறும் இடத்தில் எல்லாம் அவர் நிற்பார். வாங்க வந்தவர் அமுதா. கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு அலங்கார வண்டி விடுகிறவர். வீட்டுக்காரர் பூ அலங்காரம் செய்வார், ஸ்டியரிங்கைப் பிடிப்பது இவர்தான்.

வண்டி சிவப்பு. மேலே மூடி திறக்கிற ரெண்டு சீட் வண்டி. பின்பக்க மேடையில் மாப்பிள்ளையை உட்கார வைத்தால் தெருவே பார்க்கும். வரி குறைவு என்று வெளியூர்க்காரர்கள் இங்கே கொண்டுவந்து பதிவு செய்ததில், இதே கம்பெனி, இதே மாடல் வண்டி எங்கள் ஊரில் நாலைந்து சுற்றுகிறது.

"ஒரு முசே ஓட்டினது அண்ணே. சொல்தா வூட்டுப் புள்ள. பிரான்சுக்குப் போயிட்டாரு. சும்மா ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு எடுத்ததோட சரி" என்றார் சேகர்.

முசே என்றால் எங்கள் ஊரில் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் உள்ள பெரிய மனுஷர்; சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். சேகர் விற்கும் எல்லா வண்டியும் ஏதோ ஒரு முசே ஓட்டினதுதான். அவர் கணக்குப்படி பார்த்தால், இந்த ஊர் முசேக்கள் எல்லாரும் கார் வாங்கி ஷெட்டில் பூட்டி வைப்பதைத் தவிர வேறு வேலையே பார்க்கவில்லை. நான் பெடலைப் பார்த்தேன். கிளட்ச் பெடலின் ரப்பர் மொட்டையாகத் தேய்ந்திருந்தது. சர்ச்சுக்குப் போன வண்டிக்கு இவ்வளவு தேயாது.

அமுதா என்னிடம் நேராகவே சொன்னார். "அண்ணே, போன சீசன்ல என் பழைய வண்டியால மானம் போச்சு. மாப்பிள வண்டி ஊர்வலத்துல நடக்குற வேகத்துலதான் போவும். பின்னாலயே சீர்த்தட்டு தூக்கிக்கினு பொம்பளைங்க வருவாங்க. அத்தினி புகையும் அவங்க மூஞ்சியிலதான். ஒரு அம்மாவுக்கு இருமல் தாங்கல, தட்டக் கீழ வெச்சிட்டு ஒக்காந்துட்டாங்க. சம்பந்தி வூட்டுக்காரங்க என்னைய வுட்டுக் கிழிகிழின்னு கிழிச்சிட்டாங்க. அதுக்கப்பறம் எவனும் கூப்புடல. இப்ப தை மாசத்துக்கு மூணு வூட்டுல நம்பி சொல்லியிருக்காங்க. புகை இல்லாத வண்டின்னு வாக்குக் குடுத்துட்டேன்."

"சத்தம்?"

"சத்தமும் கூடாது. நாயனக்காரரு முன்னால வாசிக்கிறது மாப்பிளைக்குக் கேக்க வேணாமா? சத்தம் போடுற வண்டிய போலீசு புடிச்சி சைலன்சரக் கழட்டி வெச்சிக்கிறான். மாப்பிளையோட நடுத்தெருவுல நிக்க முடியுமா அண்ணே?"

ரீடிங் வந்தது. பாஸ். பாஸ் என்றால் சாதாரண பாஸ் இல்லை, நேற்று ஷோரூமை விட்டு வந்த வண்டி மாதிரி சுத்தம். சேகர் கையைத் தட்டினார். "பாத்தியா தங்கச்சி? நான் இன்னா சொன்னேன்?"

எனக்கு அந்தச் சுத்தம்தான் உறுத்தியது. இந்தச் சிவப்பு வண்டி எங்கள் ரோட்டில் போனதை நான் பார்த்திருக்கிறேன். பார்ப்பதற்கு முன்னால் காதால் கேட்டிருக்கிறேன். கடைக்குள் தொங்கும் பிள்ளையார் படம் ஆடுகிற சத்தம். கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு, வெளியில் விற்கும் ஃப்ரீ ஃப்ளோ குழாயைப் போட்டால்தான் அந்தச் சத்தம் வரும். அந்தக் குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்-கான் இருக்காது. அப்படிப்பட்ட வண்டி இன்று பூனை மாதிரி வந்து நிற்கிறது.

3. குனிந்து பார்த்தது

தரையோடு தரையாக நிற்கிற வண்டி அது. என் முழங்காலுக்கு அடியில் நுழைகிற வேலை ஆகாது. செல்போனில் டார்ச்சைப் போட்டு, வீடியோவை ஓடவிட்டு, கையை மட்டும் நீட்டி, சைலன்சருக்கு மேலே இருந்த இடுக்கைப் பார்க்கப் பக்கவாட்டில் பிடித்தேன்.

சேகர் ஓடிவந்தார். "அண்ணே, சூடு! கைய வுடாத! ரீடிங்தான் வந்துடுச்சே, அப்பறம் இன்னா?"

"எங்கயோ லீக் வாசனை வருது" என்றேன்.

"லீக்கெல்லாம் இல்ல. நீ பிரிண்டப் போடு." அதற்குள் அவர் போன் அடித்தது. பேசிக்கொண்டே ரோட்டுப் பக்கம் போனார்.

நான் வீடியோவைப் பார்த்தேன். சைலன்சரின் முதுகில், அதாவது காரின் தரைத் தகட்டைப் பார்த்த பக்கத்தில், மூன்று சந்தனப் பொட்டுகள் இருந்தன. நடுவில் குங்குமம். ஓரம் மட்டும் பழுப்பாகிக்கொண்டிருந்தது, நடு இன்னும் மஞ்சளாகவே இருந்தது.

பட்டறையில் வேலை பார்க்காதவர்களுக்கு இது புரியாது, அதனால் சொல்கிறேன். ஆயுத பூஜை அன்று பட்டறையைக் கழுவிவிட்டு எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்போம். ஸ்பேனருக்கு, ஜாக்கிக்கு, காத்தடிக்கும் மிஷினுக்கு. ரேக்கில் கழற்றி வைத்திருக்கிற ரேடியேட்டர், பம்பர், எது கண்ணில் பட்டாலும் ஒன்றையும் விடமாட்டோம். விட்டால் அதற்கு மனசு கோணும் என்று ஒரு நினைப்பு. நானே ஓட்டை டயருக்குப் பொட்டு வைத்தவன்.

ஆனால் வண்டியில் மாட்டியிருக்கிற சைலன்சருக்கு யாரும் முதுகில் பொட்டு வைக்க முடியாது. மேலே கை நுழைய இடமே இல்லை. அப்படியானால் போன ஆயுத பூஜை அன்று இது வண்டியில் இல்லை. ஏதோ பட்டறையின் ரேக்கில் உட்கார்ந்திருந்தது. வண்டியில் மாட்டி நாலு நாள் ஓட்டியிருந்தாலும் சந்தனம் கரியாகி உதிர்ந்திருக்கும். இப்போதுதான் கருகத் தொடங்குகிறது என்றால், ஆயுத பூஜைக்குப் பிறகு முதல் தடவையாக இன்று காலையில்தான் மாட்டியிருக்கிறார்கள். போல்ட் தலைகளில் ஸ்பேனர் கீறல் பளபளவென்று இருந்தது.

டெஸ்டுக்கு மட்டும் நல்ல சைலன்சரை மாட்டிக்கொண்டு வருவது, சர்டிபிகேட் வாங்கியதும் கழற்றி அடுத்த வண்டிக்குக் கொடுப்பது. இப்படி நடக்கிறது என்று காதில் விழுந்திருக்கிறது. கண்ணால் பார்த்தது அன்றுதான். இந்த மாடல் வண்டி நாலைந்து இருக்கிறதே, எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சைலன்சர்தான் போலிருக்கிறது.

அப்போது ஒரு கெட்ட நினைப்பும் வந்தது. அமுதாவுக்கும் இது தெரியுமோ? டெஸ்டுக்கு ஒன்று, ஊர்வலத்துக்கு ஒன்று என்று இருவரும் பேசிவைத்து வந்திருந்தால்? மாப்பிள்ளைப் பையன்களுக்குச் சத்தம் பிடிக்கும். இந்த வேலையில் இருந்தால் யாரையும் சட்டென்று நம்ப வராது. சாமி படத்தைப் பார்த்து, இதற்கு என்ன செய்ய என்று மனசுக்குள் கேட்டேன். பிறகு வீடியோவை அமுதாவிடம் நீட்டினேன். விஷயத்தைச் சொன்னேன்.

அவர் முகம் வெளுத்துப்போனது. நடிப்பில் அப்படி வெளுக்காது.

"அப்போ சாயங்காலம் என் கைக்கு வர்றது இந்த சைலன்சர் இல்லியா?"

"இல்லன்னுதான் எனக்குத் தோணுது தங்கச்சி. ஆனா மிஷின் பாஸ்னு சொல்லிடுச்சு. நிக்கிற வண்டிக்கு நான் சர்டிபிகேட் குடுத்துத்தான் ஆவணும். குடுக்க மாட்டேன்னு சொல்ல எனக்கு வழி இல்ல."

"பேரு மாத்துற கையெழுத்தெல்லாம் ஆயிடுச்சு. பாக்கிய கையோட கொண்டாந்துருக்கேன். இன்னிக்கி சாயங்காலம் நல்ல நேரத்துல வண்டிய வூட்டுக்கே கொண்டாந்து வுடுறேன்னாரு. இப்ப ராகு காலம்ல..."

கடிகாரத்தைப் பார்த்தேன். உண்மைதான், ராகு காலம் தொடங்கியிருந்தது. நானும் ராகு காலத்தில் பெட்டியைத் திறக்காதவன். சாமியின் பேரைச் சொல்லி இந்த மனுஷன் பட்டறைக்குப் போய்வர நேரம் வாங்கிவைத்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

4. ராகு காலம்

சேகர் பேசி முடித்து உள்ளே வந்தார். நான் சர்டிபிகேட்டை பிரிண்ட் போட்டு அமுதாவிடம் கொடுத்தேன்.

அமுதா கேட்டார். "சேகர் அண்ணே, ஒரு வார்த்த. இந்த வண்டிக்கு இந்த சைலன்சருதான? வேற வண்டியோடது இல்லியே?"

"இன்னா தங்கச்சி இப்படிக் கேட்டுட்ட? கம்பெனி பிட்டிங்."

"அடுத்தவங்க பொருளா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நான் கோவிச்சிக்க மாட்டேன். வண்டி வேணாம்னு போயிடுறேன்."

"மணக்குற சந்தனமே அதுல இருக்கு, அப்பறம் இன்னா சந்தேகம்?" என்று நான் சும்மா சொல்லிவைத்தேன்.

சேகர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அமுதாவிடம், "சாமி சத்தியமா இந்த வண்டியோடதுதான் தங்கச்சி" என்றார்.

"சரி, சாவியக் குடுங்க."

"இப்பவா? ராகு காலத்துலயா? நல்ல காரியம் பண்ணுறவ, இப்படிப் பண்ணலாமா? சாயங்காலம் நானே கழுவித் தொடச்சி, மால போட்டு..."

"நான் எங்க எடுக்குறேன்னேன்? ராகு காலம் முடியட்டும். அதுவரைக்கும் வண்டியிலயே குந்திக்கினு இருக்கேன். பாக்கியையும் அது முடிஞ்சப்பறம் தர்றேன். அண்ணே, உங்க எடத்துல நிக்கலாமில்ல?"

"தாராளமா" என்றேன். அடுத்து வந்த ஆட்டோக்களை ஓரமாக நிறுத்தச் சொல்லி டெஸ்ட் பண்ணினேன்.

அமுதா கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, உச்சி வெயிலில், மூடி திறந்த வண்டியில். சேகர் டீ வாங்கிக்கொண்டு வந்தார். காற்று சரிபார்க்க வேண்டும் என்றார். ஆயில் மாற்றித் தருகிறேன் என்றார். "முசே ஞாயித்துக்கிழமை மட்டுந்தான ஓட்டினாரு, ஆயிலு புதுசாத்தான் இருக்கும்" என்று அமுதா சொன்னதும் ஆட்டோக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். சேகர் நாலு தடவை ரோட்டுக்குப் போய் போனில் யாருடனோ தாழ்ந்த குரலில் பேசினார். நாலாவது தடவை எதிர்ப்பக்கம் கத்துவது எனக்கே கேட்டது.

உண்மையைச் சொல்ல அவருக்கு அவ்வளவு நேரம் இருந்தது. சொல்லவில்லை.

ராகு காலம் முடிந்தது. அமுதா இறங்கி, பிள்ளையார் படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, பாக்கியை சேகர் கையில் கொடுத்து சாவியை வாங்கினார். நான் டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தேன். நசுக்கிக்கொண்டு வண்டி நோணாங்குப்பம் பக்கம் போனது. சத்தமே இல்லை.

5. பட்டறைக்காரர்

அடுத்த வாரம் பட்டறைக்காரர் ஒருவர் வந்தார். எனக்கு முன்பின் பழக்கம் இல்லை. வந்ததும், "யோவ் பெரிசு, என் சைலன்சர ஏன்யா வுட்ட?" என்றார்.

"எந்த சைலன்சர்?"

"தெரியாத மாதிரி கேக்காத. நாலு வண்டிக்கி அது ஒண்ணுதான்யா! இப்ப ஒருத்தன் நிக்கிறான், டெஸ்டுக்குப் போவ முடியல."

"அந்த அம்மாவையே போய்க் கேளுங்க. சேகரு சாமி மேல சத்தியம் பண்ணி வித்தாரு. அதயும் சேத்துச் சொல்லுங்க" என்றேன். அவர் போய்க் கேட்கவில்லை. என்ன என்று கேட்பார்? சேகரும் அவரும் இப்போது பேச்சுவார்த்தை இல்லை என்று கேள்வி.

அடுத்தவர் பொருளை அமுதா எடுத்துக்கொண்டது சரியா என்று நானும் சில நாள் யோசித்தேன். கேட்டுவிட்டுத்தான் வாங்கினார். இல்லை என்று சொல்ல வேண்டியவர் சத்தியம் செய்தார். அதற்கு மேல் எனக்கு எடை போடத் தெரியவில்லை, பகவானுக்குத் தெரியும்.

தை மாதம் எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. நான் சீர்த்தட்டுப் பெண்களோடு வண்டிக்குப் பின்னாலேயே நடந்தேன். ஒருவரும் முந்தானையால் மூக்கைப் பொத்தவில்லை. நாயனக்காரர் ஒரு மூச்சு இழுத்து நிறுத்தியதுகூடப் பின்னால் கேட்டது.

இதில் நான் கற்றது, பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு: டெஸ்டில் பாஸ் ஆனது அந்த நேரத்தில் நிற்கிற வண்டிதான். அதற்கும் உங்கள் வீட்டு வாசலுக்கும் நடுவில்தான் எல்லாம் கழலும். யாராவது "நல்ல நேரத்துல கொண்டாந்து வுடுறேன்" என்றால், சரி என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துகொள்ளுங்கள். நல்ல நேரம் அங்கேயும் வரும்.