அறுபதாம் கல்யாணத்தில் ஆடிய கபடி

கொரோனாவின் இரண்டாவது அலை ஓய்ந்து, மூன்றாவது வருமா வராதா என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த ஐப்பசி மாதம் அது. ஒரத்தநாட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் கிராமத்தில் சம்பா நடவு முடிந்து, பயிர் பச்சை பிடித்திருந்தது. என் பிழைப்பும் அப்போதுதான் பச்சை பிடித்திருந்தது. பல வருடமாகக் கோயில் திருவிழாக்களில் கபடி ஆடி முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்த என்னை, டிவியில் காட்டுகிற பெரிய போட்டித் தொடர் ஒன்றில் ஆடும் அணியில் முதன்முறையாக எடுத்திருந்தார்கள். ஒப்பந்தம், சம்பளம், முதுகில் பெயர் போட்ட பனியன் எல்லாம் உண்டு.

அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போது அணியின் மேலாளர் போன் செய்தார்.

"தம்பி, இன்னையிலேருந்து நீங்க யாரையும் தொடக் கூடாது. உங்களையும் யாரும் தொடக் கூடாது. ஓட்டலுக்கு வந்ததும் டெஸ்ட் எடுப்போம். பாசிட்டிவ்னு வந்தா அடுத்து இருக்கிற பையனக் கூப்பிட்டுக்குவோம். அப்புறம் வருத்தப்படக் கூடாது."

கபடி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எதிரணிக்குள் மூச்சு விடாமல் பாடிக்கொண்டு போய், யாரையாவது தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் திரும்பி வந்தால் பாயிண்ட். அவர்கள் ஏழு பேரும் சேர்ந்து நம்மை அமுக்கிவிட்டால் நாம் அவுட். நான் பாடிப் போகிறவன். அதாவது, தொடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தச் சம்பளம் வேண்டுமென்றால் யாரையும் தொடக் கூடாது என்கிறார்கள். இந்த நியாயம் எனக்குப் புரியவே இல்லை. ஆனாலும் சரிங்க சார் என்றேன்.

கொல்லையில் இருந்த மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து அறைக்குக் குடிபெயர்ந்தேன். சாப்பாட்டை அம்மா வாசற்படியில் வைத்துவிட்டு நகர்ந்து போவாள். பயிற்சிக்கு ஆள் கிடையாது. வைக்கோலைக் கட்டி நிறுத்தி, அதைச் சுற்றிப் பாடிக்கொண்டு போய்த் தொட்டுவிட்டு ஓடி வருவேன். தெருவில் போகிறவர்கள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "நல்லாத்தான இருந்தான்" என்று சொல்லிக்கொண்டே போவார்கள். வைக்கோல் ஒரு முறைகூட என்னைப் பிடிக்கவில்லை. அப்படி ஒரு வெற்றியை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் நான் முகாமுக்குக் கிளம்புவதற்குச் சற்று முன்னால் வந்து நின்றது அப்பாவின் அறுபதாம் கல்யாணம். திருக்கடையூரில் நாள் குறித்தாகிவிட்டது. ஊரடங்கில் தள்ளிப்போட்டது போதும், இனி தள்ள முடியாது என்று அம்மா தீர்மானமாக இருந்தாள். நான் வரவில்லை என்று வாசற்படிக்கு இந்தப் பக்கமிருந்து சொன்னேன்.

அம்மா சோற்றுத் தட்டைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள். "ஊரு பேரு தெரியாதவன் தொடையெல்லாம் புடிச்சு உருளுவ. பெத்தவ தலையில ஒரு செம்புத் தண்ணி ஊத்தினா ஒட்டிக்குமா?"

வருகிறேன் என்றேன். தட்டு கீழே வந்தது.

குடும்பம் வேனில் போனது. நான் தனியாக பைக்கில், நல்ல மழையில், பின்னாலேயே போனேன். மழைக்கோட்டு, தலைக்கவசம், அதற்குள் இரண்டு முகக்கவசம். மண்டபத்து வாசலில் காவலாளி என்னை நிறுத்தி, பார்சலை அங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார். நான் கல்யாண மாப்பிள்ளையின் மகன் என்று சொல்லியும் அவர் நம்பவில்லை. அக்கா வீட்டுக்காரர் வந்துதான் என்னை உள்ளே விடச் சொன்னார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வட்டாரத்தில் எங்கே கபடி நடந்தாலும் மைக் பிடிப்பவர் அவர்தான். கொரோனாவால் ஆட்டமே இல்லாமல் போய், பேச ஆளில்லாமல் தொண்டை துருப்பிடித்துக் கிடந்தார். அன்றைக்கு என்னைப் பார்த்ததும் அவருக்கு உயிர் வந்துவிட்டது.

காரணம், மண்டபத்துக்குள் என் அத்தை இருந்தார். அப்பாவின் அக்கா. யாரைப் பார்த்தாலும் கன்னத்தைக் கிள்ளி, நெற்றியில் திருநீறு பூசி, தலையைத் தடவி, கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினால்தான் அவருக்குப் பார்த்த மாதிரி இருக்கும். கொரோனாவெல்லாம் டவுன்காரர்களுக்கு என்பது அவர் கட்சி. கோயிலில் வாங்கிய திருநீற்றோடு நேராக என்னை நோக்கி வந்தார்.

"அத்தை, தள்ளி நில்லுங்க. தொடக் கூடாது."

"சாமி துன்னூருடா. அதுக்கு ஏது வியாதி?"

நான் இடது பக்கம் ஒதுங்கினேன். அத்தையும் இடது பக்கம் வந்தார். வலது பக்கம் போக்குக் காட்டிவிட்டு மறுபடி இடது பக்கம் பாய்ந்தேன். ஏமாறவில்லை. எழுபதை நெருங்கும் ஒருவருக்கு அப்படி ஒரு காலடி வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. தூணைச் சுற்றினோம். சமையல்கட்டு வாசலில் சித்தி ஒருத்தி, "ஏன்டா ஓடுற?" என்று கையை நீட்ட, குனிந்து தப்பித்தேன். அக்கா வீட்டுக்காரர் வெற்றிலைத் தட்டை மைக் மாதிரி வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்.

"பாடி வருபவர் என் மைத்துனர். மடக்க வருபவர் திருநீற்று அத்தை. அருமையான ஆட்டம், அன்பர்களே, கயிற்றுக்கு வெளியே நில்லுங்கள்."

கடைசியில் செருப்பு விடும் இடத்தில் அத்தை மூச்சு வாங்கி நின்றார். தோல்வியை ஒப்புக்கொள்ளும் குணம் அவருக்கு இல்லை. அங்கிருந்தே திருநீற்றை என் மேல் ஊதிவிட்டார். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். மூச்சை அடக்குவதில் எனக்குப் பழக்கம் உண்டு.

அடுத்தது அபிஷேகம். அப்பாவும் அம்மாவும் மணையில் உட்கார்ந்திருக்க, தலைக்கு மேல் சல்லடையைப் பிடித்து, பிள்ளைகளும் சொந்தக்காரர்களும் ஆளுக்கொரு செம்பு கலசத் தண்ணீர் ஊற்ற வேண்டும். சல்லடையைச் சுற்றி ஒரே கூட்டம். நான் ஒரு மூலையில் நின்று கையைப் பிசைந்தேன். அம்மா ஈரத் தலையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அக்கா வீட்டுக்காரர்தான் மண்டபத்துக் கொல்லையில் கிடந்த பிளாஸ்டிக் குழாய் ஒன்றைக் கழுவித் தூக்கிவந்தார். ஒரு முனை சல்லடைக்கு மேல். மறு முனை, எட்டத்தில் நாற்காலி மேல் ஏறி நின்ற என் கையில். குருக்கள் அதை மேலும் கீழும் பார்த்தார். "குழாய் கூடாதுன்னு எந்த சாஸ்திரத்துலயும் நான் படிச்சதில்ல. ஊத்துங்க" என்றார்.

ஊற்றினேன். தண்ணீர் குழாய்க்குள் சலசலவென்று ஓடுவது எல்லோருக்கும் கேட்டது. அப்பா கண்ணை மூடிக் காத்திருந்தார். எங்கள் நிலம் வாய்க்காலின் கடைசியில் இருப்பது. ஆற்றில் எவ்வளவு திறந்துவிட்டாலும் எங்களுக்கு வந்து சேர்வது கொஞ்சம்தான். தலையில் சொட்டுச் சொட்டாக விழுந்ததும் அப்பா கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"பரவால்ல. கடைமடைக்கு இந்த வருசம் தண்ணி வந்துடுச்சு."

மண்டபமே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

பட்டு உடுத்தி, தாலி கட்டி முடிந்தபின் எல்லோரும் காலில் விழுந்து ஆசி வாங்கினார்கள். என் முறை வந்தது. நன்றாகத் தள்ளி நின்று, நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்தேன். கையை முன்னால் நீட்டினேன். பாடிப் போகிறவன் பிடிபட்ட பிறகும் நடுக்கோட்டை எட்டிவிட நீட்டுவானே, அதே மாதிரி. என் விரலுக்கும் அப்பா காலுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும். அம்மா அட்சதையைத் தூவினாள். அப்பா ஒன்றும் செய்யவில்லை.

எனக்கு மீசை முளைத்த பிறகு அப்பா என்னைத் தொட்டதாக நினைவே இல்லை. அதற்கு முன்னால் தொட்டதும் பெரும்பாலும் அடிப்பதற்குத்தான். எங்கள் பக்கத்து அப்பாக்கள் அப்படித்தான், அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அன்றைக்கு அவர் நாற்காலியில் கொஞ்சம் சரிந்து, வேட்டியை ஒதுக்கி, வலது காலை மெதுவாக நீட்டினார். கட்டைவிரல் என் நடுவிரல் நுனியில் பட்டது. பட்டு, அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

"நல்லாருப்ப. போய் ஆடு" என்றார்.

அம்மா பதறிவிட்டாள். "ஐயோ, புள்ள பொழப்பக் கெடுத்துட்டீங்களே. அத்தன பேரு வந்து தொட்ட காலுங்க அது."

"நுனிதாண்டி பட்டுச்சு" என்று அப்பா காலை இழுத்துக்கொண்டார். தப்பு செய்துவிட்டு மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி அவர் முகம் ஆனதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எனக்குப் பயம்தான். இத்தனை பாடுபட்டதும் ஒரு கட்டைவிரலில் போய்விடுமோ என்று இருந்தது. முகாம் நடக்கும் ஓட்டலில் டாக்டர் ஒருவர், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, யாரையாவது தொட்டீர்களா என்று கேட்டார். மறைக்க மனசு வரவில்லை. அப்பாவின் கால் கட்டைவிரல் பட்டது என்றேன். டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு, எவ்வளவு நேரம் என்றார். தெரியவில்லை சார், எடுக்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை என்றேன். அவர் என்னைக் கூடுதலாகச் சில நாள் அறையில் பூட்டினார். சோதனையில் ஒன்றும் இல்லை. ஆனால் முதல் ஆட்டங்கள் போயின. ஏழு ஏழு பேராகக் கட்டிப் புரள்கிற ஆட்டத்துக்கு வந்துவிட்டுக் கட்டைவிரலுக்காக உட்கார்ந்திருக்கிறாயே என்று மேலாளர் திட்டினார். அது எனக்கும் தெரிந்ததுதான்.

ஒருவழியாகக் களத்தில் இறக்கினார்கள். முதல் பாட்டிலேயே பிடிபட்டேன். எதிரணி மொத்தமும் என் மேல் விழுந்தது. அத்தனை நாள் மனித வாடையே படாமல் கிடந்தவனுக்கு அது சுகமாகத்தான் இருந்தது. சிரித்துக்கொண்டே எழுந்தேன். பிடித்தவர்கள் குழம்பிப்போனார்கள்.

அன்றைக்கு இரவு அக்கா வீட்டுக்காரர் போன் செய்தார். ஒரு பாயிண்ட்கூட எடுக்கவில்லையே என்று நான் புலம்பினேன்.

"திருக்கடையூர்ல எடுத்தியே மாப்ள" என்றார். "எதிராளி தானா வந்து தொட்டு, நீ திரும்பி வந்துட்டா, பாயிண்ட் உனக்குத்தான. ரூல்ஸ் மறந்துட்டியா?"

அதற்குப் பிறகு எத்தனையோ ஆட்டம் ஆடிவிட்டேன், எடுத்ததும் விட்டதும் மறந்துவிட்டது. அப்பா தானாகக் காலை நீட்டிக் கொடுத்த அந்த ஒரு பாயிண்டை மட்டும் இன்றைக்கும் நடுவிரல் நுனியில்தான் வைத்திருக்கிறேன்.