சித்திரையில் ஒரு கம்பளிக் குல்லா

சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற மதியத்தில் கைக்குழந்தைக்குக் கம்பளிக் குல்லா மாட்டிவிடுவார்களா யாராவது?

எங்கள் எதிர் வீட்டில் மாட்டினார்கள். குளிக்கும்போது மட்டும் கழற்றுவார்கள். குழந்தையின் அப்பா செந்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வடக்கே எங்கோ போர் போட்டுக்கொண்டிருந்தான். அவன் வீடியோ காலில் வந்தாலும் குல்லாவோடுதான் தரிசனம்.

காரணம் எனக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும். குழந்தையின் முடி செம்பட்டை. கண்ணும் அப்படியே... வெளிச்சத்தில் பார்த்தால் தேன் நிறம். அப்பா செந்தில் அட்டைக்கரி. அம்மா கீர்த்தனாவுக்கும் முடி கறுப்பு, கண் கறுப்பு. பாட்டியாகிவிட்ட மாமியார் மணியக்காவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இடுப்புக்குக் கீழே தொங்கும் கருகரு கூந்தல் அவருக்கு!

குழந்தை பிறந்தால் நம் ஊரில் முதல் கேள்வி, "யாரு சாடை?" மூக்கு அப்பா, காது தாத்தா என்று நாலு பேர் கூடிப் பங்கு பிரித்துவிடுவார்கள். இந்தக் குழந்தையின் முடியையும் கண்ணையும் மட்டும் யாரும் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. அங்கேதான் வந்தது வினை.

திருச்செங்கோட்டில் முடி செம்பட்டையானால் பழி போர் தண்ணி மேல். ஊர் ஊராகப் போய் போர் போடுகிறோம், ஆனால் நம் ஊர் போரில் வருவது உப்புத்தண்ணி! கீர்த்தனாவும் அதையே சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது வீட்டு சரஸக்கா விடுவாரா?

"ஏனுங் அம்மிணி, பொறந்த கொழந்தை எத்தனை கொடம் போர் தண்ணி ஊத்திக்கிச்சு?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். சிரித்துக்கொண்டே கேட்கப்படும் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது, கவனித்திருக்கிறீர்களா? அன்றிலிருந்து கீர்த்தனா வாசலுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். ஒருநாள் தயிருக்கு உறை மோர் கேட்டுப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

"மொட்டைக்கு அவரு வர்றாருங்க்கா. அன்னிக்கி குல்லாவக் கழட்டித்தானே ஆகோணும்? யாராச்சும் அவரு காதுல எதையாச்சும் போட்டுட்டா நான் என்னங்க்கா பண்றது?"

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு பெண்ணின் மானத்தைக் குழந்தையின் தலையில் தேடுகிற புத்தி எங்கிருந்துதான் வருகிறதோ!

மொட்டை நாள் வந்தது. குலதெய்வக் கோவில் வேப்பமரத்தடி. தாய்மாமன் சம்மணம் போட்டு உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார். முடி இறக்குபவர் கத்தியைத் தண்ணீரில் நனைத்துவிட்டுக் காத்திருந்தார். கீர்த்தனாவின் விரல்கள் குல்லாவின் முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன.

குல்லா கழன்றது. வெயில் பட்டதும் முடி தாமிரம் மாதிரி மின்னியது. ரொம்ப அழகு, பொய் சொல்லவில்லை.

சரஸக்கா சத்தமாகவே ஆரம்பித்தார். "அடேயப்பா... செந்திலு ஊட்டுல ஆருக்கும் இப்படி இல்லீங்களே. ஆரு சாடையோ?"

கீர்த்தனா தரையைப் பார்த்தாள். செந்தில் அவளைப் பார்த்தான். கூட்டம் அவர்கள் இருவரையும் பார்த்தது.

அப்போதுதான் மணியக்கா எழுந்தார். கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செந்தில் கையில் கொடுத்தார். கூந்தலை அவிழ்த்துவிட்டுக் கத்திக்காரர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"பேரனுக்கு முடிச்சுட்டு எனக்கும் ஒரு மொட்டை போட்டுவுடு சாமி."

"ஏனுங்க்கா, வேண்டுதலுங்களா?" என்று பதறினேன் நான். தெருவே கண் வைத்த கூந்தலாயிற்றே!

"ஆமாங். இப்பத்தான் வேண்டிக்கிட்டேன்" என்றவர், சரஸக்கா பக்கம் திரும்பினார். "ஆரு சாடைனு கேட்டீங்கல்ல? ரெண்டு மாசம் பொறுத்துக்கங்க. தானா மொளைச்சு வரும்."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான். ஆனால் கீர்த்தனா நிமிர்ந்து தன் மாமியாரைப் பார்த்தாள். பேரன், பாட்டி இருவர் தலையும் மொட்டையானதும் செந்தில் குழந்தையை வாங்கி, மொட்டை மண்டையில் சந்தனம் பூசினான். அவனுக்கு வேறு எந்தக் கேள்வியும் இல்லை என்று அவன் பூசிய விதத்திலேயே தெரிந்தது.

ரெண்டு மாசம் ஆனது. முளைத்தும் வந்தது. நடுநடுவே கொஞ்சம் நரை... மீதி எல்லாம் அச்சு அசல் பேரனின் அதே செம்பட்டை! கூந்தல் இருந்தவரை எல்லோரும் அதையேதான் பார்த்தோம். இப்போதுதான் மணியக்காவின் கண்களை ஒழுங்காகப் பார்க்கிறேன். அதே தேன் நிறம்!

"டைதானுங் அம்மிணி" என்றார் என்னிடம், கூச்சமே இல்லாமல். "பள்ளிக்கொடத்துல செம்பட்டை, செம்பட்டைனு ஓட்டியே அழ வெப்பாங்க. எங்கம்மா உப்புத்தண்ணினு சொல்லும். பொண்ணு பாக்க வந்தன்னிக்கி மொத மொத டை போட்டுவுட்டாங்க. அப்பறம் நிறுத்த வழியில்ல. எங்கூட்டுக்காரருக்கே தெரியாதுங்."

என் கை தானாக என் தலைக்குப் போனது. ஏனென்றால், அந்தக் கூந்தலின் ரகசியம் என்று அவர் சொன்ன செம்பருத்தி, கறிவேப்பிலை, கரிசலாங்கண்ணி எண்ணெயை எங்கள் தெருவே வருஷக்கணக்கில் காய்ச்சித் தலையில் தேய்த்துக்கொண்டிருக்கிறது!

தெரிந்த பயாலஜி டீச்சர் ஒருவரிடம் கேட்டேன். முடிக்கும் கண்ணுக்கும் நிறம் தருவதைப் பல ஜீன்கள் சேர்ந்து முடிவு செய்கின்றனவாம். அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி. சில ஜீன்கள் ஒரு தலைமுறை முழுக்க வெளியே தெரியாமல் சும்மா உட்கார்ந்திருக்கும். இரண்டு பக்கமிருந்தும் வந்து ஜோடி சேர்ந்தால்தான் தலை காட்டும். அப்படியானால் கீர்த்தனா பக்கத்திலும் ஒன்று இருந்திருக்கிறது. இரண்டு குடும்பமும் தூரத்துச் சொந்தம்தானே. அங்கேயும் யாருடைய செம்பட்டையை உப்புத்தண்ணி கணக்கில் எழுதினார்களோ!

முடி எப்படி வந்தது என்பதை ஜீன் சொல்லிவிடுகிறது. ஆயுசு பூராவும் கட்டிக் காப்பாற்றிய ரகசியத்தை, மருமகள் தலைகுனிந்த அந்த ஒரு நிமிஷத்தில் நாலு பேர் முன்னால் வழித்துப் போடுகிற தைரியம் எங்கிருந்து வருகிறது? அதற்கும் ஒரு ஜீன் இருந்தால், சாமி, அதையும் அந்தக் குழந்தைக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

போன வாரம் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு, வெறுந்தலையோடு பால் வாங்க வந்தார் மணியக்கா. சரஸக்கா வாய் சும்மா இருக்குமா?

"ஏனுங்க்கா, மறுக்கா டை போடுலீங்களா?"

"இவன் போடட்டுமுங். அப்பறம் நானும் போட்டுக்கறேன்."

அந்தக் கம்பளிக் குல்லாவா? கீர்த்தனா அதை வைத்துத்தான் இப்போது அடுப்பிலிருந்து இட்லிக் குண்டானை இறக்குகிறாள்.