சத்தம் போடத் தெரியாதவனின் உள்ளங்கை

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். எனக்கெல்லாம் எழுத என்ன இருக்கிறது என்று பலமுறை தயங்கிவிட்டுத்தான் இதை அனுப்புகிறேன். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆடி மாதம், செஞ்சியில் நான் வேலை செய்யும் சின்னப் பட்டறையில் நடந்தது இது. அலுமினியப் பாகங்களை அதிவேகத்தில் செதுக்கும் மெஷின் என்னுடையது. அந்த வேகத்துக்குக் கட்டர் துளியும் ஆடக் கூடாது. அதனால் கட்டரைப் பிடிக்கும் ஹோல்டரைச் சூடாக்கி, அதன் துளை விரிந்ததும் கட்டரைச் சொருகி ஆறவிடுவோம். ஆறினால் இறுக்கிக்கொள்ளும்.

ஆனால் சூடான ஹோல்டரும் ஆறிய ஹோல்டரும் பார்வைக்கு ஒன்றுதான். சிவக்காது, புகையாது. அதனால் மேஜையில் வைக்கிறவர் “சூடு!” என்று கத்த வேண்டும் என்பது எங்கள் பட்டறை வழக்கம். எனக்குக் கத்த வராது. வீட்டிலும் தனி ஆள். காலையில் கடையில் டீ கேட்டதோடு சரி, பல நாள் சாயங்காலம் வரை என் குரலை நானே கேட்டிருக்க மாட்டேன். கத்துவதற்குப் பதில், ஆறும்வரை ஹோல்டர் பக்கத்திலேயே நின்றுகொள்வேன்.

அன்று அப்படி நிற்கும்போது மெஷினில் அலாரம் அடித்தது. போய் அதை நிறுத்திவிட்டுத் திரும்பினால், பட்டறையில் கட்டர் நீளம் அளக்கும் வேலை பார்க்கும் அம்மா ஒருவர் ஹோல்டரை எடுக்கக் கை நீட்டுகிறார். அவலூர்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். யாரும் கத்தாததால் ஆறியது என்று நினைத்துவிட்டார். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. பாய்ந்துபோய் வெறுங்கையால் அதைத் தட்டிவிட்டேன். ஹோல்டரோடு தரையில் விழுந்து கட்டர் உடைந்தது. என் உள்ளங்கை வெந்துபோனது.

அவர் என்னைக் குழாயடிக்கு இழுத்துப் போய்க் கையைத் தண்ணீரில் காட்டினார்.

“இன்னாண்ணே நீ? சூடுன்னு ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா பூடுவ? வாய அடகு வச்சிட்டியா?”

“உங்க கைக்கு ஒண்ணும் ஆவலயே?” என்றேன்.

“அட, பேசுது பாரு! மூணு வருஷத்துல இன்னிக்குதான் உன் கொரலயே கேக்கறேன்.”

அவர் சிரித்தார். என் கையை அவர் விடவில்லை. என்னை ஒருவர் உரிமையோடு திட்டிக் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது.

வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை என்றே இத்தனை வயதுவரை நினைத்திருந்தேன். அந்தக் கூச்சம் இன்னொருவர் கையைப் பொசுக்கியிருக்கும் என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் கட்டுப்போட்ட கையோடு போனேன். ஒற்றைக் கையால் முடிகிற வேலை என்று, பாகங்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கச் சொன்னார்கள். அடுக்கினேன்.