வளருத பிள்ளைக்கு அளவுச் சோறு

"முப்பத்திரெண்டு" என்று சொல்லிவிட்டுத்தான் சிதம்பரநாதன் பையனின் முகத்தையே பார்ப்பார். டேப் அவர் கழுத்தில் மாலை மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். அம்மாக்களின் திருப்திக்காக அதை எடுத்துப் பையன் மார்பில் ஒரு சுற்றுச் சுற்றுவார். டேப்பும் முப்பத்திரண்டு என்றே சொல்லும். அதற்குள் அவருடைய இன்னொரு கை முப்பத்தாறாம் நம்பர் சட்டையை உருவி மேஜைமேல் விரித்திருக்கும்.

"இது தொளதொளன்னு இருக்கே?" என்பார் அம்மா.

"இருக்கட்டும்மா. வளருத பிள்ளைல்லா? இன்னைக்கு அளவுக்கு எடுத்தீயன்னா ஆடி மாசத்துக்குள்ள வயிறு தெரியும். கையை உள்ள மடிச்சு அடிச்சுக்கிடுங்க. வருசத்துக்கு ஒரு மடிப்பப் பிரிச்சுவிட்டாப் போதும்."

தியாகராய நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடியில், பள்ளிச் சீருடைப் பிரிவில், இருபத்தேழு வருடமாக இந்த வசனம் ஓடிக்கொண்டிருக்கிறது. தென் சென்னையில் பாதிப் பிள்ளைகள் முழங்கையைத் தாண்டித் தொங்கும் அரைக்கைச் சட்டையோடு பிரார்த்தனைக் கூட்டத்தில் நிற்கிறார்கள் என்றால் அந்தப் புண்ணியம் இவரைச் சேரும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருடம் ஆகியும் பேச்சு மட்டும் தாமிரபரணியைத் தாண்டவில்லை. இன்றைக்குச் சரியாக இருக்கும் எதுவும் நாளைக்கு நஷ்டம் என்பது அவர் சித்தாந்தம். அவருடைய ஒரே மகள் சிந்து, "எனக்கு அளவா ஒரு துணி போட்டது என் கல்யாணத்தன்னிக்குத்தான்" என்று இன்றைக்கும் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அந்தச் சிந்துதான் அடையாறு ஃபிளாட்டில் கிரேட் டேன் என்ற ராட்சத ஜாதி நாய்க்குட்டி ஒன்றை வாங்கினாள். இரண்டே வாரத்தில் அது சோபாவின் ஒரு கையைத் தின்று முடித்தது. கீழ்வீட்டுக்காரர்கள் சங்கத்தில் புகார் கொடுத்தார்கள். "ஒரு வாரம் வச்சுக்கோங்கப்பா" என்று சைதாப்பேட்டையில் அப்பா வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனாள். அந்த ஒரு வாரம் இன்னும் முடிந்தபாடில்லை. அப்போது அதற்கு இரண்டு மாதம். பார்க்க ஒல்லியாக, காதும் பாதமும் மட்டும் பெரிதாக இருந்ததால் சிதம்பரநாதன் 'பொடியன்' என்று பெயர் வைத்தார். இன்று பொடியன் நின்றபடியே சாப்பாட்டு மேஜைமேல் தாடையை வைத்து ஓய்வெடுக்கிறான்.

குட்டியோடு ஒரு மூட்டை உலர்தீனியையும் சிந்து கொடுத்திருந்தாள். மூட்டையின் முதுகில் ஓர் அட்டவணை: இத்தனை மாதக் குட்டிக்கு இத்தனை கிராம். சிதம்பரநாதன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை இரண்டு தரம் படித்தார். இரண்டாவது மாதத்து வரியில் விரலை வைத்தார். பிறகு, கடையில் எந்தக் கை முப்பத்தாறை உருவுமோ அதே கை, விரலை இரண்டு வரி கீழே இறக்கியது. நாலாம் மாதத்து வரியைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். மாதம் பிறக்கப் பிறக்க வட்டமும் ஒவ்வொரு வரியாக இறங்கியது, எப்போதும் குட்டியைவிட இரண்டு மாதம் மூத்ததாகவே.

அதோடு நின்றாரா? எலும்புக்கு வலு என்று மருந்துக்கடையில் கால்சியம் டானிக் வாங்கினார். காலையில் பாலும் இரண்டு முட்டையும். கேழ்வரகுக் கூழ். ஞாயிறுதோறும் ஆட்டுக்கால் சூப். சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்கும் லூர்துமேரி, "நைனா, தலைங்க நெறைய கீது, குட்டிக்கு வேக வச்சு குடு, ஜம்முனு ஏறும்" என்று பை நிறையக் கொடுப்பார்; அதுவும் சேர்ந்தது.

அவர் மனைவி ஜெயபாரதி ஒருநாள் கேட்டார். "ஏங்க, சிந்துக்குக்கூட இவ்வளவு பாத்துப் பாத்துச் செய்யலயே நீங்க?"

"அவ என்ன, இவன மாதிரியா வளந்தா?" என்றார் சிதம்பரநாதன்.

பொடியன் வளர்ந்தான். தெருவே நின்று பார்த்தது. நாலாம் மாதத்தில் அவனுடைய முன்னங்கால்கள் வளைய ஆரம்பித்தன. உட்கார்ந்தால் பாதங்கள் இரண்டும் பத்து மணி பத்து நிமிடம் காட்டும் முட்களைப் போல ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்றன. சத்துப் பற்றவில்லை என்று சிதம்பரநாதன் டானிக்கை ஒரு மூடி கூட்டினார். அடுத்த வாரம் பொடியன் வாசற்படி ஏற மறுத்து, படிக்குக் கீழேயே நின்று முனகினான். அன்று கடைக்கு லீவு போட்டார். பள்ளி திறக்கிற சீசனில் அவர் லீவு போட்டது அதுதான் முதல் தடவை.

ஆழ்வார்பேட்டையில் கால்நடை மருத்துவர் குல்சும் பொடியனின் காலை நீட்டி மடக்கி, எக்ஸ்ரே படமெடுத்துப் பார்த்தார். "என்ன சாப்பாடு கொடுக்கறீங்க சார்?"

சிதம்பரநாதன் பெருமையோடு ஒப்பித்தார். சட்டைப் பையிலிருந்து, மூட்டையிலிருந்து கத்தரித்து வைத்திருந்த அட்டவணையை எடுத்து நீட்டினார்.

"வட்டம் போட்டிருக்கறது ஆறு மாசத்து வரியாச்சே? இவனுக்கு நாலு மாசம்தானே?"

"ஆமா மேடம். வளருத பிள்ளைல்லா? ரெண்டு வரி தள்ளிப் போட்டுருக்கேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க என்ன வேலை பாக்கறீங்க சார்?"

"ஸ்கூல் யூனிஃபார்ம் செக்‌ஷன் மேடம். டி.நகர்ல."

டாக்டர் சிரிக்காமல் இருக்கக் கொஞ்சம் கஷ்டப்பட்டார். அப்புறம் நிதானமாகச் சொன்னார். "சார், இது சட்டை இல்ல. மிச்சத்த உள்ள மடிச்சு வைக்க முடியாது. பெரிய ஜாதிக் குட்டி மெதுவாத்தான் வளரணும். நீங்க கூடப் போட்டது பூரா உடம்புல ஏறிடுச்சு, பிஞ்சு எலும்பு எப்படித் தாங்கும்? இந்த உலர்தீனியிலயே கால்சியம் அளவா இருக்கு. மேல மேல டானிக் ஊத்தினா எலும்பு கோணலாத்தான் போகும். இப்படியே விட்டா ஒரு வயசுல இவனால எழுந்து நிக்க முடியாது."

"நான்தான் செஞ்சுட்டேனா?" என்றார் சிதம்பரநாதன்.

"இப்ப வந்துட்டீங்கல்ல. ஆறு வாரம் சொன்னபடி செய்யுங்க, திருப்பிடலாம். டானிக், பால், கூழ், சூப் எல்லாம் நிறுத்துங்க. அந்தந்த மாசத்து வரி, தராசுல நிறுத்து, மூணு வேளையாப் பிரிச்சுப் போடுங்க. விலா எலும்பு கண்ணுல துருத்தக் கூடாது, ஆனா தடவினா கையில தட்டுப்படணும். அதான் அளவு."

அந்த ஆறு வாரத்தை அவர் எப்படிக் கடந்தார் என்பதை ஜெயபாரதியைத்தான் கேட்க வேண்டும். சின்னத் தராசு ஒன்று வந்தது. நிறுத்துப் போட்டதைப் பொடியன் முக்கால் நிமிடத்தில் முடித்துவிட்டு, காலித் தட்டை மூக்கால் தள்ளிக்கொண்டே, சிதம்பரநாதன் எங்கிருந்தாலும் அங்கே வந்து நிற்பான். ஹாலில் பேப்பர் படித்தால் ஹாலுக்கு. குளியலறைக்குப் போனால் கதவுக்கு வெளியே தட்டு உரசும் சத்தம் கேட்கும்.

ஒரு காலையில் அவர் கையில் சுருட்டிய துண்டோடு கொல்லைப்பக்கம் நழுவினார்.

"துண்டுக்குள்ள என்ன?" என்றார் ஜெயபாரதி.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுலதான் ஆவி பறக்குதோ?"

இரண்டு இட்லியும் அடுக்களைக்குத் திரும்பின. அன்று முதல் இட்லிப் பானைக்கு ஜெயபாரதியே காவல்.

வீட்டுக்குள் இது, வெளியே இன்னும் மோசம். பொடியன் இளைத்தான். ஒருநாள் மார்க்கெட் வழியாக அவனை நடத்திக்கொண்டு போகும்போது லூர்துமேரி கத்தியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தே விட்டார். "அய்ய, இன்னா நைனா இது! கொயந்த மாதிரி இருந்துச்சு, இப்ப எலும்பும் தோலுமா கீது? சோறு போடறியா இல்லியா நீ?"

மீன் வாங்க வந்த பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். விருந்துக்கு வந்தவன் இலையில் 'போதும் போதும்' என்று கையை விரித்து மறைத்த பிறகும் விரல் சந்து வழியே ஒரு கரண்டி விடுகிற ஊர்க்காரர் அவர். சோறு போடாதவன் என்ற சொல் அவருக்குச் செருப்படியைவிட அதிகமாக வலித்தது.

"டாக்டர் அளவு சொல்லிருக்காங்கம்மா" என்றார், ஈனசுரத்தில்.

"எந்த டாக்டரு? வவுத்துக்கு இன்னா அளவு? இந்தா, ரெண்டு தலைய எட்துக்கினு போ, துட்டு வாணாம்."

பொடியன் மீன்தலையைப் பார்த்தான். சிதம்பரநாதன் பொடியனைப் பார்த்தார். "வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டுச் சங்கிலியை இழுத்துக்கொண்டு நடந்தார். வீடு வந்து சேரும்வரை அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வந்ததும் ஜெயபாரதியிடம், "ஊரே என்னைப் பாவின்னு சொல்லுது" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆறாவது வாரம் முடிந்த சனிக்கிழமை மறுபடி ஆழ்வார்பேட்டை. ஆட்டோவில் பொடியன் சீட்டிலும் சிதம்பரநாதன் மிச்சம் இருந்த நாலு விரல்கடை இடத்திலும் உட்கார்ந்து போனார்கள். டாக்டர் பொடியனை நடக்கவிட்டுப் பார்த்தார், நிற்கவிட்டுப் பார்த்தார், விலாவைத் தடவிப் பார்த்தார். "கால் நேராயிட்டு வருது சார். நல்லா வந்துடுவான். ஒன்றரை வயசு வரைக்கும் இதே மாதிரி அளவாப் போடுங்க."

ஒன்றரை வயது என்பது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. வருகிற வழியெல்லாம் ஆட்டோக்காரரிடம், "கால் நேராயிட்டு, பாத்தீயளா?" என்றே சொல்லிக்கொண்டு வந்தார்.

வீட்டு வாசலில் பொடியன் மூன்று படியையும் தாவி ஏறினான். மதியச் சாப்பாட்டு நேரம். சிதம்பரநாதன் தராசில் இருநூற்றிருபது கிராம் நிறுத்துத் தட்டில் கொட்டினார். ஆனால் நல்ல சேதி கேட்ட கை சும்மா இருக்குமா? அது தானாகவே மூட்டைக்குள் போய் ஒரு சின்னப் பிடி அள்ளி, தட்டின் மேலே வைத்தது.

பொடியன் எச்சில் ஒழுக உட்கார்ந்திருந்தான், 'சாப்பிடு' என்ற சொல்லுக்காக. இரண்டு பாதங்களும் நேர் முன்னால் பார்த்தபடி ஊன்றியிருந்தன. சிதம்பரநாதன் அந்தப் பாதங்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, மேலே வைத்த பிடியைத் திரும்ப அள்ளிக்கொண்டார்.

அள்ளியாயிற்று. இனி அதை என்ன செய்வது? இலையில் வைத்ததை எடுத்துப் பாத்திரத்தில் போடும் வழக்கம் அவர் வம்சத்தில் கிடையாது. குப்பையில் கொட்டுவது அதைவிடப் பாவம். உள்ளங்கையை விரித்து எண்ணிப் பார்த்தார். ஒன்பது உருண்டை.

"சாப்பிடுலே" என்று பொடியனிடம் சொல்லிவிட்டு, ஒன்பதையும் தன் வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.