ஓடைக்கரையில் கொட்டிய தண்ணீர்

தொண்ணூறுகளின் கடைசி. கட்டட வேலைகளைப் பார்க்கும் ஓர் அரசுப் பிரிவில் நான் உதவி செயற்பொறியாளராக இருந்தேன். பேரையூருக்குத் தெற்கே, கரிசல் காட்டுக்குள் இருந்த ஒரு கிராமத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் கட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாத ஊருக்கு ஆஸ்பத்திரி வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள், அதைக் கட்டுவதற்கும் அதே வழியில்தான் போக வேண்டும் என்பதை யோசிக்கவில்லை. மேலே எழுதிக் கேட்டேன். சாலை வேறு துறையைச் சேர்ந்தது என்று பதில் வந்தது. முறையான பதில். அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் நானும் அதையேதான் எழுதியிருப்பேன்.

ஊருக்கு முன்னால் ஓர் ஓடை. கோடையில் அதில் மணல் மட்டும்தான் இருக்கும். சாதாரண லாரி அந்த மணலில் இறங்கினால் அங்கேயே உட்கார்ந்துவிடும். ஆகவே எங்கள் கிடங்கில் பல காலமாகச் சும்மா நின்ற இரண்டு பழைய மிலிட்டரி லாரிகளைக் கேட்டு வாங்கினேன். ராணுவம் கழித்துவிட்ட வண்டிகள். பின்சக்கரத்தோடு முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும். அவற்றை நம் வேலைக்குத் தக்கபடி மாற்ற வேண்டும். ஒன்றில் கல்லும் ஜல்லியும் ஏற்றும் தொட்டி. அதன் முன்பக்கத்தில், சிக்கிய வண்டியை இழுக்க இரும்புக் கயிறு சுற்றிய வின்ச். இன்னொன்றில் தண்ணீர் டாங்க்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பாயின் பட்டறையில் இந்த வேலை நடந்தது. வண்டியின் உருவத்தை மாற்ற யாரிடம் அனுமதி வாங்க வேண்டும், மாற்றிய பின் எடை எவ்வளவு என்று எங்கே பதிய வேண்டும், எந்தச் சான்றிதழை எந்தச் சான்றிதழுக்கு முன்னால் பெற வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. எல்லாவற்றையும் வாங்கினேன். அந்த இரண்டு லாரிகளைப்போல முறைப்படி மாற்றப்பட்ட வண்டிகள் அன்றைக்கு மதுரை ஜில்லாவிலேயே இருந்திருக்காது.

டாங்க் செய்யும்போது பாய் ஒரு கேள்வி கேட்டார்.

"உள்ள குறுக்கால தகடு வைக்கவா சார்? வச்சா தண்ணி அலம்பாது. ஆனா ஆளு உள்ள எறங்கிக் கழுவ முடியாது. எப்புடி, நீங்களே சொல்லுங்க."

கான்கிரீட்டுக்குப் போகிற தண்ணீர். உள்ளே சேறு தங்கக் கூடாது. அதோடு எங்கள் டாங்க் நிறைந்து போகும், காலியாகத் திரும்பும். இரண்டுக்கும் நடுவில் வேறு நிலை கிடையாது. தகடு வேண்டாம் என்றேன்.

"அதுஞ்சரிதான். நெறஞ்ச தண்ணி ஆடாது" என்று அவரும் ஒத்துக்கொண்டார். கணக்கில் பிழை இல்லை.

தண்ணீர் வண்டியின் டிரைவர் ஆனையூர்க்காரர். நாற்பதைத் தாண்டியவர். என்னைத் தவிர உலகத்தில் ஆண்கள் எல்லோரையும் மாப்ள என்றுதான் கூப்பிடுவார். பேரையூர் அருகே ஒரு தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு வேலையிடத்துக்குப் போவது அவர் வேலை. ஓடைக்குச் சற்று முன்னால், வழியில், ஒரு சின்ன ஊர் உண்டு. அந்தக் கோடையில் அங்கே கிணறு வற்றிவிட்டது. அடிபம்பை அடித்தால் காற்றுதான் வந்தது. கட்டட வேலைக்கான தண்ணீரை வழியில் யாருக்கும் தரக் கூடாது என்று நான் உத்தரவு போட்டிருந்தேன். அவரும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

ஒருநாள் என் ஜீப் பழுதாகிவிட்டது. வேலையிடத்தில் அன்று கான்கிரீட். போயே ஆக வேண்டும். தண்ணீர் லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். அவர் முகம் கொஞ்சம் வாடியதைக் கவனித்தேன். ஏன் என்பது அந்தச் சின்ன ஊரை நெருங்கியபோது தெரிந்தது.

வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"என்ன?" என்றேன்.

"இஞ்சின் சூடாயிருச்சு சார். செத்த நேரம் ஆறட்டும்."

சூடு காட்டும் முள் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. வெளியே பார்த்தேன். வேப்ப மரத்தடியில் குடங்கள் வரிசையாக இருந்தன. ஒருநாளில் அமைகிற வரிசை இல்லை அது. முன்னால் நின்ற பெண், ஒல்லியானவள், உரத்த குரல்காரி, கேட்டாள்:

"என்னண்ணே, இன்னைக்கு வண்டி இம்புட்டு லேட்டாச் சூடாகுது?"

பெண்கள் சிரித்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது.

"ஆபீசர் இருக்காக. சத்தமில்லாமப் பிடிங்க" என்று டிரைவர் இறங்கிப் போனார்.

நான் பையிலிருந்து அலுவலகக் கோப்பு ஒன்றை எடுத்துப் பிரித்து வைத்துக்கொண்டேன். ஓர் அதிகாரி நேரில் பார்த்த தவறுக்குத்தான் நடவடிக்கை எடுக்க வேண்டும். கோப்பைப் படித்துக்கொண்டிருந்தவர் எதையும் பார்த்ததாக ஆகாது. அதற்கும் விதி இருக்கிறது.

டிரைவர் திரும்பி வந்து வண்டியைக் கிளப்பினார். வரிசையின் கடைசியில் சில குடங்கள் நிறையாமலே நின்றன.

"எவ்வளவு போயிற்று?" என்று கேட்டேன்.

"பாதிக்குப் பக்கம் இருக்கும் சார். மிலிட்டரி இஞ்சின்ல, அம்புட்டுக் குடிக்குது."

சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது. அடுத்த சில நிமிடங்களில் நடக்கப்போவது தெரிந்திருந்தால் சிரிப்பு வந்திருக்காது.

ஓடையில் இறங்கக் கரையை வெட்டிச் சரிவுப்பாதை போட்டிருந்தோம். வண்டி அதில் இறங்கும்போது வலது முன்சக்கரம் ஒரு வெடிப்பில் சற்றே அமுங்கியது. நிறைந்த டாங்காக இருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பாதித் தண்ணீர் மொத்தமும் வலப்பக்கம் புரண்டது. டாங்குக்குள்ளிருந்து ஒரு பெரிய மாடு முட்டியதைப்போலச் சத்தம் கேட்டது. கரை உடைந்தது. வண்டி வலப்பக்கமாகச் சாய்ந்தபடியே சரிந்து, கீழே அடர்ந்திருந்த சீமைக் கருவேல மரங்களில் முட்டிக்கொண்டு நின்றது.

இடது கதவு வானத்தைப் பார்த்து இருந்தது. அதன் வழியாக ஏறி வெளியே வந்தேன். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. டிரைவர் குதிக்கப் பார்த்திருக்கிறார். உடம்பு வெளியே, வலது கால் மட்டும் கதவுச் சட்டத்துக்கும் கரைக்கும் நடுவில். அவருக்கு மேலே மொத்த லாரியும் சாய்ந்து நின்றது. அதைத் தாங்கிக்கொண்டிருந்தவை அந்தக் கருவேல மரங்கள் மட்டுமே. அவை முனகிக்கொண்டிருந்தன.

நான் கத்திய கத்தலில் அக்கரையிலிருந்து கொத்தனார்கள் எங்கள் இன்னொரு லாரியான கல் வண்டியோடு வந்து சேர்ந்தார்கள். வின்ச் கயிற்றை இழுத்து மாட்டினோம். ஆனால் கல் வண்டியின் டிரைவர் ஆக்சிலேட்டரில் கால் வைக்கவில்லை.

"தண்ணியோட இழுத்தா நம்ம வண்டியும் உள்ள வந்துரும் சார். அப்பறம் அண்ணன் மேல ரெண்டு லாரி கெடக்கும்."

அவர் சொன்னது உண்மை. தண்ணீரை இறக்கியாக வேண்டும். திறக்கும் வால்வோ வலப்பக்கத்தில், மண்ணுக்குள். தோண்டினால் கரை இன்னும் உடையும். மதுரையிலிருந்து கிரேன் வர வேண்டுமென்றால் யாராவது பேரையூர் போய் போன் செய்ய வேண்டும். அது வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அந்த மரங்கள் அதுவரை நிற்காது என்பது பார்த்தாலே தெரிந்தது.

அப்போதுதான் அந்தப் பெண்கள் குடங்களோடு ஓடி வந்தார்கள். வரிசையின் கடைசியில் நின்று தண்ணீர் கிடைக்காதவர்கள் முதலில் வந்தார்கள். பின்னால் வந்தவர்கள், என் சத்தம் கேட்டு, வீட்டுக்குப் போகிற வழியிலேயே நிறைகுடத்தைச் சாய்த்துக் கவிழ்த்துவிட்டு ஓடி வந்தவர்கள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சிந்துகிற தண்ணீரைப் பிடிக்க வருகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அந்த உரத்த குரல்காரி டிரைவரைப் பார்த்தாள், டாங்கைப் பார்த்தாள். "இதக் காலி பண்ணணும், அம்புட்டுத்தான ஐயா?" என்று என்னைக் கேட்டாள்.

"மேல்மூடி வழியாகத்தான் முடியும். கை எட்டாது" என்றேன்.

"ஆளு எறங்குனா எட்டும்ல."

கூடாது என்றேன். மரம் முறிந்து வண்டி உருண்டால், உள்ளே இருக்கிறவருக்கு வெளியே வர வழியே இல்லை. அவள் அதைக் கேட்டுக்கொண்டேதான் சேலையை இழுத்துச் செருகினாள். கொத்தனார் ஒருவர் நான் இறங்குகிறேன் என்று முன்னால் வந்தார். "உங்க தொப்பை அதுல நுழையாது மாமா" என்று சொல்லிவிட்டு அவள் ஏறி இறங்கிவிட்டாள்.

குடங்கள் உள்ளே போய் நிறைந்து வெளியே வரத் தொடங்கின. முதல் குடத்தை வாங்கிய பெண் அதை எங்கே வைப்பது என்று என்னைப் பார்த்தாள். என் வேலையில் எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்ல வேண்டிய நேரம் அது. இந்தக் கரை நனைந்தால் சரிந்துவிடும். அந்தக் குடம் உடனே காலியாகத் திரும்பி வந்தாக வேண்டும். ஊருக்குக் கொண்டுபோய் வர நேரமில்லை.

"கரை மேட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டுங்கள்" என்றேன்.

"கொட்டவா?" என்றாள் அவள்.

என் பணிக்காலத்தில் எத்தனையோ உத்தரவுகள் போட்டிருக்கிறேன். அந்த ஒரு சொல்லைத் திரும்பச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. தலையை மட்டும் அசைத்தேன்.

"நிக்காத புள்ள, கொட்டு" என்று டாங்குக்குள்ளிருந்து குரல் முழங்கியது.

கை மாற்றிக் கை மாற்றிக் குடங்கள் மேட்டைத் தாண்டின. அந்தப் பக்கம் தரிசு நிலம். கோடையில் கரிசலில் விழும் வெடிப்புக்குள் ஒரு முழங்கை போகும். ஊற்றிய தண்ணீர் நிலத்தில் ஓடவே இல்லை. ஊற்றிய இடத்திலேயே உள்ளே போய்விட்டது. ஈரம் பட்ட மண்ணின் மணம் மட்டும் எழுந்தது. அதை முகர்ந்துகொண்டு, வறண்ட உதடுகளோடு, அவர்கள் அடுத்த குடத்துக்குத் திரும்பினார்கள்.

டிரைவருக்குக் கண் செருகத் தொடங்கியது. நான் அவர் தலையை மடியில் வைத்திருந்தேன். பேச்சுக் கொடுக்க வேண்டும் என்று தெரியும். என்ன பேசுவதென்று தெரியவில்லை. டாங்குக்குள்ளிருந்துதான் பேச்சு வந்தது.

"அண்ணே, முழிச்சிருக்கீகளா? இஞ்சின் ஆறிருச்சா?"

அவர் உதடு அசைந்தது. "ஆறல தாயி. பாடியும் சூடாயிருச்சு."

"பொறுங்க. ஊத்தித்தான் ஆத்திக்கிட்டு இருக்கோம்."

நடுவில் ஒரு மரம் படாரென்று முறிந்தது. வண்டி ஒரு சாண் இறங்கியது. எல்லோரும் அசையாமல் நின்றோம். டாங்குக்குள் சத்தமே இல்லை. பிறகு அந்த மூடி வழியாக ஒரு குடம் வெளியே வந்தது. வாங்குவதற்கு ஒரு கை நீண்டது. வரிசை மறுபடி நகர்ந்தது.

குடத்தால் மொள்ள முடியாத அளவுக்குத் தண்ணீர் குறைந்ததும், சொம்பு கேட்டு வாங்கி வழித்தாள். அவள் வெளியே வந்தபோது தலைமுதல் கால்வரை நனைந்திருந்தாள். கல் வண்டி இழுத்தது. கயிறு முறுக்கேறி, தண்ணீர் லாரி கொஞ்சம் நிமிர்ந்தது. அந்தக் கொஞ்சத்துக்குள் கொத்தனார்கள் டிரைவரை வெளியே இழுத்துவிட்டார்கள்.

அவரைக் கல் வண்டியில் சாக்குகளை விரித்துக் கிடத்தினோம். நான் ஏறப்போகும்போது பார்த்தேன். பெண்கள் தங்கள் தங்கள் குடத்தைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் காலி. எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பெண்ணிடம், "ஆளுக்கு ஒரு குடமாவது ஓரமாக எடுத்து வைத்திருக்கலாமே அம்மா" என்றேன்.

அவள் முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:

"வச்சிருக்கலாந்தான். ஒரு மனுசன் அடியில கெடக்கையில மொதக் கொடத்த யாரு ஐயா எடுக்குறது?"

கோபமாகவோ பெருமையாகவோ அவள் அதைச் சொல்லவில்லை. பதில் தெரியாத கேள்வி ஒன்றைக் கேட்பதுபோலத்தான் கேட்டாள். வண்டி புறப்பட்டுவிட்டது.

டிரைவர் பிழைத்தார். மதுரையில் நெடுநாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். காலை வெட்டி எடுக்காமல் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் பிரேக்கை மிதிக்கும் பலம் அதற்குத் திரும்பவில்லை. கிடங்கில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மாற்றினேன். ஸ்டியரிங்கைத் தொடாத கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் அங்கே உட்கார்ந்திருப்பதைப் பல நாள் பார்த்திருக்கிறேன்.

டாங்குக்குள் தகடு வைத்தோம். விசாரணையில் தண்ணீர் எப்படிப் பாதியானது என்று கேட்டார்கள். நானும் வண்டியில் இருந்தேன், என் கண் முன்னால் கொடுக்கப்பட்டது என்று எழுதிக் கொடுத்தேன். அதற்கு விளக்கம் கேட்டு எனக்குக் கடிதம் வந்தது, பதிலும் போனது. பாதையில் தூசி அடங்கத் தண்ணீர் தெளிப்பது அனுமதிக்கப்பட்ட செலவுதான். அந்தச் சின்ன ஊரின் வேப்ப மரத்தடியில் தூசி மிக அதிகம் என்று குறிப்பு எழுதி அனுமதி வாங்கினேன். கட்டடம் முடியும்வரை அங்கே தினமும் தூசி அடக்கப்பட்டது. விதிகளை அறிந்திருப்பதில் இப்படியும் சில லாபங்கள் உண்டு.

ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகின்றன. ரேஷன் கடையிலோ, ஆஸ்பத்திரியிலோ, எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வந்து நிற்கும்போதோ, என் முறை வந்து கையை நீட்டும் முன்னால் ஒருமுறை திரும்பிப் பின்னால் நிற்பவர்களின் முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். நான் எடுக்கக் கூடாத முதல் குடம் எது என்று எனக்கு இன்னும் நிச்சயமாகத் தெரியவில்லை.